பத்தாயிரத்து ஒன்று

நான் கணக்கு டீச்சர். பெருந்துறையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறேன். எண் சம்பந்தமாக யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் கோமளா டீச்சரைக் கேள் என்பார்கள். எனக்கு அதில் தலைக்கனம் உண்டு. நடந்ததெல்லாம் அந்தத் தலைக்கனத்தில் இருந்து ஆரம்பித்ததால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளித் தாளாளர் அங்கப்பன் காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். இந்தப் பங்குனியில் வள்ளி கும்மி நடத்துவது என்று முடிவு செய்தார். அதுவும் சாதனைப் புத்தகத்தில் ஏறுகிற மாதிரி. எங்கள் பக்கம் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் ஒரு மைதானத்தில் பெண்கள் வட்டமாக நின்று கைதட்டி அடி பழகிக்கொண்டிருப்பார்கள். அதில் பேங்க் மேனேஜரும் இருப்பார், தறிக் குடோனுக்குப் போகிறவரும் இருப்பார். பல்லடம், காங்கேயம், சென்னிமலை என்று ஊர் ஊராக ஆள் சேர்த்தால் பத்தாயிரம் பேர் தேறும் என்று பேச்சு வந்தது. பத்தாயிரம் என்று மொட்டையாக நிறுத்தக் கூடாது என்றார் தாளாளர். கல்யாணத்தில் மொய் வைத்தால்கூட நூறாக வைப்போமா, ஒன்று சேர்த்துத்தானே வைப்போம். அப்படித்தான் அது பத்தாயிரத்து ஒன்று ஆனது. பைபாஸ் நெடுக ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. அந்தக் கடைசி ஒன்று, ராசியான ஒன்று, தாளாளரின் மகள் லோகப்பிரியாவுக்குக் கொடுக்கப்பட்டது. அவளுக்கு வைகாசியில் கல்யாணம்.

நான் ஆடுகிறவள் இல்லை. இடது கால் எது வலது கால் எது என்று நான் யோசிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். ஆனால் என் பக்கத்து வீட்டுச் சாமியாத்தாளைக் கும்மிக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டது நான்தான். ஐம்பத்து மூன்று வயது. எங்கள் பள்ளி வேனில் ஆயாவாக இருந்தவர். போன ஆவணியில் அவர் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தம்மா ரேஷன் கடைக்குத் தவிர வேறெங்கும் போகவில்லை, வேன் வேலைக்கும் வரவில்லை. ஒரு நாள் நான் கோபப்பட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்தில் விட்டேன். முதல் மூன்று நாள் ஓரமாக நின்று பார்த்தார். நாலாம் நாள் வட்டத்துக்குள் போனார். அதன் பிறகு காலையில் என் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டுகிற சத்தம் கேட்கும். சமையல்கட்டில் நின்று பழகிக்கொண்டிருப்பார். அதைக் கேட்கிறபோது எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நிகழ்ச்சிக்கு ஆறு நாள் இருக்கும்போது சாதனைப் புத்தகத்துக்காரர்களிடம் இருந்து கடிதம் வந்தது. எல்லா வட்டத்திலும் ஒரே எண்ணிக்கையில் ஆட்கள் நிற்க வேண்டும். ஒரு வட்டத்தில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் மொத்தமும் செல்லாது. வட்டத்துக்கு வெளியே ஆடுகிறவர் யாரும் நிற்கக் கூடாது. ஆளுக்கு ஒன்றாகப் பத்தாயிரத்து ஒரு அட்டை அவர்களே முன்பே அச்சடித்து அனுப்பி, அதை எல்லோருக்கும் கொடுத்தும் ஆகிவிட்டது. அட்டை கழுத்தில் இல்லாதவர் கணக்கில் இல்லை.

அன்று சாயங்காலமே பள்ளிக்கூட அலுவலகத்தில் கமிட்டி கூடியது. முப்பது பேர் இருப்பார்கள். என்னைக் கூப்பிட்டு, பத்தாயிரத்து ஒன்றை எத்தனை சம வட்டமாகப் பிரிக்கலாம் என்று கேட்டார்கள். நோட்டீஸின் பின்பக்கம் வகுக்க ஆரம்பித்தேன். இரண்டில் போகாது. மூன்றில் போகாது. ஏழில் மீதி ஐந்து. பதினொன்றில் மீதி இரண்டு. ஒரு எண்ணை வேறு ஏதாவது எண் மீதியில்லாமல் வகுக்குமா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். பத்தாயிரத்து ஒன்றுக்கு அது நூறு வரைக்கும் போகும். நூறுக்குள் பகா எண்கள் இருபத்தைந்து. நான் பதினான்காவதில், அதாவது நாற்பத்து மூன்றில் மீதி இருபத்தைந்து என்று எழுதிக்கொண்டிருந்தபோது டீயும் போண்டாவும் வந்தன. தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னுங் டீச்சர், உங்களுக்கேவா இவ்வளவு நேரம்?" என்றார்.

அந்த 'உங்களுக்கேவா' என்னைக் குத்திவிட்டது. பேனாவை மூடினேன்.

"பிரியாதுங்க. இது பகா எண்ணுங்க," என்றேன்.

யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு போன் கையில் இருந்தது, ஒருவராவது அதில் தட்டிப் பார்த்திருக்கலாம். கோமளா டீச்சர் சொன்ன பிறகு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் என்ன, நூறு பேராக நூறு வட்டம், ஒருவர் வரவில்லை என்று எழுதிக்கொள்ளலாம், பாட்டுப் பாடுகிற கும்மி ஆசிரியரைச் சேர்த்து ஃப்ளெக்ஸில் போட்ட எண்ணைச் சரிக்கட்டலாம் என்று பேசி முடித்தார்கள். அந்த ஒருவர் யார் என்பதுதான் பாக்கி.

கணக்குப்படி பார்த்தால் கடைசி அட்டைக்காரி லோகப்பிரியா நிற்க வேண்டும். அதை யாரும் நினைக்கக்கூட இல்லை. கமிட்டியில் இருந்த ஒரு அம்மா மெதுவாக, முடிவில் வள்ளி கல்யாணப் பாட்டு வருகிறது, மேடைக்கு நேர் எதிரில் நிற்கிற நம்ம பள்ளிக்கூட வட்டத்தில் கல்யாணப் பொண்ணு நிற்கிறது, அதற்குத் தகுந்த மாதிரி பார்த்துக்கொண்டால் நல்லது என்றார். அவ்வளவுதான் சொன்னார். செயலாளர் அழகிரிசாமியின் விரல் பெயர்ப் பட்டியலில் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. லோகப்பிரியாவுக்குப் பக்கத்தில் நிற்கிற பெயர், சாமியாத்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் ஊரில் ஒருவரைத் தள்ளி வைப்பதென்றாலும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் செய்வோம். பத்தாயிரம் பேரில் வீட்டுக்காரர் இல்லாதவர்கள் ஐந்நூறு பேராவது இருப்பார்கள். அவர்கள் எல்லாம் தூரத்தில் நின்றார்கள், ஆகவே தப்பித்தார்கள். நான் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பக்கத்து வீடு என்பதால் விஷயத்தைச் சொல்லி அட்டையை வாங்கி வரும் வேலையும் எனக்கே வந்தது. பக்குவமாகச் சொல்லச் சொன்னார்கள்.

பக்குவமாகத்தான் சொன்னேன். வேறெதையும் சொல்லத் தைரியம் இல்லாமல் கணக்கை மட்டும் சொன்னேன். பத்தாயிரத்து ஒன்று பிரியவில்லை, ஒருவர் மிஞ்சுகிறார், அது நீங்களாகிவிட்டது என்றேன். சாமியாத்தாள் துவைத்த கும்மிச் சேலையைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பச்சையில் அரக்குக் கரை போட்ட சேலை. கையில் இருந்த கிளிப்பைக் கரையில் மாட்டினார்.

"பிரியவே பிரியாதுங்களா அம்மணி?"

"பிரியாதுங்கக்கா."

"அப்பச் செரிங்க. கணக்குத்தானுங்களே வேண்டாங்குது. மனுசரு யாரும் சொல்லலீங்களே."

இதைச் சொல்லிவிட்டு அவர் லேசாகச் சிரித்தார். அதில் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது. நான் அட்டையைக் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் குக்கர் விசில் அடித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் வரை நான் எப்படியோ இருந்தேன். முழுப்பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு கேள்வி: 221 பகா எண்ணா, காரணம் தருக. ஒரு பிள்ளை 2, 3, 5, 7, 11 வரை வகுத்துப் பார்த்து, பிரியவில்லை, ஆகவே பகா எண் என்று முடித்திருந்தது. அடுத்து 13 போட்டிருந்தால் 17 என்று வந்திருக்கும். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சிவப்புப் பேனாவால் 'ஏன் பாதியில் நிறுத்தினாய்?' என்று எழுதி மூன்று மார்க் குறைத்தேன்.

எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது.

கைப்பையில் தேடி அந்த நோட்டீஸை எடுத்தேன். நாற்பத்து மூன்றோடு நின்றிருந்தது. மிச்சம் பதினொரு பகா எண்கள். விசிறி ஓடிக்கொண்டிருந்தும் கழுத்தெல்லாம் வேர்த்தது. 47 போட்டேன், மீதி 37. 53 போட்டேன், அதிலும் மீதி 37. 59-க்கு மீதி 30. ஒவ்வொரு தடவை மீதி வந்தபோதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. பிரியாமல் இருந்தால் நான் சொன்னது சரி. தப்பு எண்ணுடையது, என்னுடையது அல்ல. கணக்கு டீச்சராக இருந்துகொண்டு, மீதி வர வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே வகுத்தேன். 61-க்கு 58. 67-க்கு 18. 71-க்கு 61.

73 போட்டேன். நூற்று முப்பத்தேழு தடவை போனது. மீதி இல்லை.

மறுபடி பெருக்கிப் பார்த்தேன். ஏழாயிரத்து முந்நூறு, அதோடு இரண்டாயிரத்து எழுநூற்று ஒன்று. பத்தாயிரத்து ஒன்று. அந்தப் பெரிய எண் இரண்டே இரண்டு எண்களால் ஆனது. வேறு எதிலும் போகாது, இந்த இரண்டில் மட்டும் போகும். இன்னும் இரண்டு நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் திங்கட்கிழமையே கண்டுபிடித்திருப்பேன். டீக்கும் போண்டாவுக்கும் ஒரு வார்த்தைக்கும் பயந்து எழுந்துவிட்டேன்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. மைதானத்தில் நூறு வட்டம் சுண்ணாம்புத் தூளில் போட்டாகிவிட்டது. நாளை நாலு மணிக்கு நிகழ்ச்சி. ஒரு மனுஷி வீட்டில் இருப்பார், அவ்வளவுதான். இதை நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டினேன், நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். மைதானத்துக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் திரும்பிவிடலாமா என்றே நினைத்தேன்.

தாளாளர் பந்தல்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. நாளைக்கு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு இன்றைக்கு இதைச் சொல்கிறீர்களே என்று மட்டும் கேட்டார். என்னைக் காப்பாற்றியது கும்மி ஆசிரியர். நூறு பேர் வட்டம் ரொம்பப் பெரிசு, இந்தப் பக்கம் தட்டுகிற கை அந்தப் பக்கம் பிந்திக் கேட்கிறது, எழுபத்து மூன்று பேர் என்றால் வட்டம் கைக்கு அடங்கும், அடி பிசகாது என்றார். தாளாளரும் யோசித்தார். ஃப்ளெக்ஸில் போட்ட எண் பொய்யாகாமல் நிற்கும் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. சரி, அழித்துப் போடுங்கள் என்றார். பத்து ஆட்கள் கயிறும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சாமியாத்தாக்காவுக்குச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வந்துவிடுவார் என்றேன்.

"அந்தம்மா எதுக்குங் டீச்சர்? அட்டைய வாங்கி மாத்தாளு ஒருத்தருக்குக் குடுத்துருங்க," என்றார் தாளாளர், பந்தல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு.

இப்போது எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. எண் பிரிந்துவிட்டது. இடம் இருக்கிறது. ஆனாலும் அவர் வேண்டாம். பிரியாத எண் அவர்களுக்கு ஒரு வசதியாக இருந்திருக்கிறது. அந்த வசதியை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்தவள் நான்.

அதற்கும் நான் சரிங்க என்றுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் சாமியாத்தாள் வீடு பூட்டியிருந்தது. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர், அந்தம்மா மைக் சத்தம் காதில் விழாத இடமாகப் பார்த்துப் போயிருப்பார், காங்கேயத்தில் தங்கச்சி இருக்கிறாரே என்றார். மற்ற ஊர்களில் வராதவர்களின் அட்டையை எல்லாம் மாற்றாளுக்குக் கொடுத்துத்தான் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். இந்த ஒரு அட்டைதான் ஆளோடு போய்விட்டது. நூறு பேர் வட்டமாக இருந்தால் ஒருவர் குறைந்தால் ஒன்றும் இல்லை, பத்தாயிரம் நூறில் சுத்தமாகப் போகும். எழுபத்து மூன்று பேர் வட்டத்தில் பத்தாயிரம் போகாது. ஒரு வட்டத்தில் எழுபத்திரண்டு பேர் நிற்பார்கள், மொத்தமும் செல்லாமல் போகும். பழைய கோடுகளையோ அழித்தாகிவிட்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் நன்றாக நடந்திருக்கும் நிகழ்ச்சி, நான் உண்மையைச் சொன்னதால் ஒரு அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைத் தாளாளரிடம் சொன்னேன். "செரிங்க. திங்கக்கெழம நம்ம நெதானமாப் பேசிக்கலாமுங் டீச்சர்," என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நிதானமாகப் பேசியவர்கள் யாரும் மறுபடி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததில்லை.

அழகிரிசாமியின் காரில் காங்கேயத்துக்குப் போனோம். சென்னிமலை தாண்டும்போதே மணி பன்னிரண்டு. தங்கச்சி வீடு எது என்று சரியாகத் தெரியாமல் மூன்று இடத்தில் விசாரித்தோம். எதிரே வருகிற பஸ் ஒவ்வொன்றிலும் பச்சைச் சேலைகள் பெருந்துறையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அழகிரிசாமி வழி முழுவதும் மணியைச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அவரைக் காரில் இருந்து இறக்கிவிடலாம் போல இருந்தது.

ஒரு வழியாகக் கண்டுபிடித்தபோது சாமியாத்தாள் தேங்காய்க் களத்தில் இருந்தார். உடைத்துக் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பைத் தங்கச்சியோடு சேர்ந்து திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, வாங்க, வெயில்ல வந்துட்டீங்களே, மோர் கொண்டுவரட்டுங்களா என்றார். மோர் குடிக்க நேரம் இல்லை. அழகிரிசாமி முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாமுங். வட்டம் மாறிப்போச்சுங், எழுவத்தி மூணு பேராப் பிரிச்சாச்சு. உங்க அட்டை இல்லாம எண்ணிக்கை நிக்காதுங். அட்டையக் குடுத்துப்போட்டாப் போதுமுங்க, மாத்தாளு நின்னுக்குவாங்க. உங்களுக்கு எதுக்குச் செரமம்."

சாமியாத்தாள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பிரியாதுன்னீங்களே அம்மணி?"

"பிரியுதுங்கக்கா. நாந்தான் பாதியில நிறுத்திப்போட்டேனுங்க. தப்பு என்னோடதுங்க."

"அப்பக் கணக்கு என்னைய வேண்டாங்கல."

"இல்லீங்க."

"பொறவு யாருங்க வேண்டாம்னது?"

களத்தில் இருந்து சூடு முகத்தில் அடித்தது. அழகிரிசாமி போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"பத்தாயிரத்து ஒரு பேருல எம்பேரு மட்டும் தனியா எப்புடிங்க வெளிய வந்துச்சு?" என்றார் மறுபடி. குரல் உயரவில்லை. கேட்பதை மட்டும் விடவில்லை.

"நானும் அந்த ரூமுலதானுங்கக்கா இருந்தேன்," என்றேன்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கையில் ஒட்டியிருந்த தேங்காய்த் தூளைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. அழகிரிசாமி என்னிடம், போய்ப் பாருங்கள், அட்டையைக் கிழித்துப் போட்டுவிடப் போகிறார் என்றார். கிழித்தால் கிழிக்கட்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நானும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அட்டையைக் கிழித்துப் போட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. பத்தாயிரம் பேர் ஒரு மாதம் பழகியதும் என் வேலையும் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தன.

கதவு திறந்தது. பச்சைச் சேலை, அரக்குக் கரை. சலங்கை கையில். அட்டை கழுத்தில். மைக் சத்தம் கேட்காத ஊருக்கு வந்தவர் சேலையையும் சலங்கையையும் அட்டையையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

அழகிரிசாமி, வந்ததே வந்தீர்கள், கடைசி வட்டத்தில் நின்றுகொள்ளுங்கள், அங்கே நிழலாக இருக்கும் என்றார். சாமியாத்தாள் காரின் முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"நாம் பழகுன எடத்துல நிக்கறதுன்னா வாரேனுங்க. இல்லீன்னா இங்கயே எறக்கி உட்டுருங்க," என்றார்.

மணி இரண்டு ஆகியிருந்தது. அழகிரிசாமி ஏறிச் சாவியைப் போட்டார். நான் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். பெருந்துறை வரும் வரை சாமியாத்தாள் என் பக்கம் திரும்பவில்லை.

மைதானத்தில் மூன்றரைக்கு எண்ணிக்கை ஆரம்பமானது. வட்டத்துக்கு ஒருவராக நின்று எண்ணினார்கள். மேடைக்கு எதிரில் இருந்த முதல் வட்டத்தில் எழுபத்திரண்டு பேர் இருந்தார்கள், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது. தாளாளர் அந்த இடைவெளிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சாமியாத்தாளைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். "வாங்கம்மா, வாங்க, வாங்க," என்று கும்பிட்டார். லோகப்பிரியா ஒன்றும் தெரியாமல், எங்கக்கா போயிட்டீங்க, நாலஞ்சு நாளா ஆளையே காணோம் என்று கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

எழுபத்து மூன்று. நூற்று முப்பத்தேழு தடவை எழுபத்து மூன்று. கணக்கு எழுதிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். கடைசிக் கை தூக்கப்படும் வரை நான் பந்தல் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஆரம்பித்தது. சாமியாத்தாள் அடி பிசகாமல் ஆடினார். கல்யாணப் பாட்டு வந்தபோதும் அதே இடத்தில், அந்தக் கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டி ஆடினார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

முடிந்ததும் சாதனை அறிவித்தார்கள். தாளாளர் மைக்கைப் பிடித்து, பிரியவே பிரியாது என்று நினைத்த ஒரு எண்ணைப் பிரித்துக் கொடுத்தவர் நம்ம கோமளா டீச்சர் என்று சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். திங்கட்கிழமைப் பேச்சு இனி இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பொன்னாடை போட்டார். கையில் மைக்கைக் கொடுத்தார்.

மேடையில் இருந்து பார்த்தால் முதல் வட்டம் பத்தடி தூரம்தான். சாமியாத்தாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். வாக்கியம் வாக்கியமாகத் தெரியும்.

"பிரியாதுன்னு சொன்னதும் நாந்தானுங்க," என்றேன். "அது என்னோட தப்புங்க. அவசரத்துல பாதியில நிறுத்திப்போட்டேன்."

கூட்டம் சிரித்தது. எவ்வளவு தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். தாளாளரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார், அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். பத்தாயிரம் ஜோடிக் கைகள். அன்று சாயங்காலம் முழுக்கத் தட்டியும் ஓயாத கைகள். முதல் வட்டத்தில் ஒருவர் மட்டும் கைகளைக் கீழே விட்டுக்கொண்டு நின்றார். கோபமாக இல்லை. நான் இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியது. மைக் என் கையில்தான் இருந்தது. அந்த அறையில் யார் என்ன சொன்னார்கள், யார் விரல் எங்கே நின்றது, நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதெல்லாம் சொல்லாமல் பாக்கி இருந்தது. தாளாளர் என் பக்கம் திரும்பினார், அவ்வளவு சிநேகமாக.

நன்றிங்க என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இறங்கி வந்தபோது சாமியாத்தாள் சலங்கையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சனிக்கிழமை பாதி திருத்தி வைத்திருந்த பரீட்சைத் தாள்களை எடுத்தேன். மேலே இருந்த தாளில் என் கையெழுத்திலேயே சிவப்பில் எழுதியிருந்தது, ஏன் பாதியில் நிறுத்தினாய் என்று.